தீர விசாரிப்பதே மெய்... எப்பவுமா?

அமெரிக்கக் கோர்ட்டுன்னா நமக்கு ஞாபகம் வர்றது ஜூரிதான். சாட்சியோட முகத்தைப் பார்த்து, இவர் சொல்றது நிஜமா புளுகான்னு முடிவு பண்றது அவங்க வேலை. ஆனா அடிபட்டவங்க நஷ்டஈடு கேட்டுப் போடுற வழக்கு எல்லாமே ஜூரி வரைக்கும் போயிடாதுங்க. நடுவுல 'சம்மரி ஜட்ஜ்மென்ட்'னு ஒரு தடுப்பு இருக்கு. 1938-ல் அமலுக்கு வந்த ஃபெடரல் சிவில் விதிகளில் இது 56-வது விதி. முக்கியமான உண்மைகளில் நிஜமான தகராறு இல்லைன்னா, சாட்சியைக் கூண்டில் ஏத்தாமலே, காகிதங்களைப் பார்த்தே நீதிபதி வழக்கை முடிச்சிடலாம்.

இதுக்குக் கடிவாளமும் உண்டு. யாரை நம்புறதுங்கறது ஜூரியின் வேலை. யாருக்கு எதிராக இந்தத் தீர்ப்பு கேட்கப்படுதோ, அவர் தரும் சாட்சியத்தை நிஜம்னு வச்சுக்கிட்டுத்தான் நீதிபதி பார்க்கணும். 1986-ல் 'ஆண்டர்சன் எதிர் லிபர்ட்டி லாபி' வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது இது.

அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தினது ஒரு வீடியோ.

2001 மார்ச், ஜார்ஜியா மாநிலம். 55 மைல் வேகம்தான் அனுமதின்னு இருந்த ரோட்டில் 19 வயசு ஹாரிஸ் 73-ல் போனார். போலீஸ் விளக்கைப் போட்டும் நிற்கலை. ஆறு நிமிஷம், கிட்டத்தட்ட பத்து மைல் துரத்தல். கடைசியில் ஸ்காட் என்ற அதிகாரி தன் காரால் பின்பக்கம் இடிக்க, ஹாரிஸின் கார் சரிவில் இறங்கிக் கவிழ்ந்தது. கை கால் நாலும் செயலிழந்து போச்சு.

ஹாரிஸ் வழக்கு போட்டார். வண்டி என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, யாருக்கும் ஆபத்து இல்லைங்கறது அவர் கட்சி. ஜூரியே பார்க்கட்டும்னு கீழ்க்கோர்ட்டும் சொன்னது, அப்பீல் கோர்ட்டும் சொன்னது. 2007-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அதை மாத்திடுச்சு. போலீஸ் கார் கேமரா இவர் கதையை அப்பட்டமாப் பொய்யாக்குது, இதை எந்த ஜூரியும் நம்பாதுன்னு எழுதினார் நீதிபதி ஸ்காலியா. வழக்கு அங்கேயே காலி.

அந்த ஒத்தை ஆள் நீதிபதி ஸ்டீவன்ஸ். அதே வீடியோவைப் பார்த்தவருக்கு ஹாரிஸ் தரப்பு நியாயம் தெரிஞ்சது. சக நீதிபதிகளையே 'ஜூரிகள்'னு ஒரு குத்து குத்தினார் :-)

குத்தினதில் அர்த்தம் இருக்குன்னு 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டிச்சு. சுமார் 1350 அமெரிக்கர்கள்கிட்ட இதே வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க. பெரும்பான்மை கோர்ட் பக்கம்தான். ஆனா கறுப்பினத்தவர், வருமானம் குறைஞ்சவங்க நடுவில் கணிசமானவங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சது.

2014-ல் 'டோலன் எதிர் காட்டன்' வழக்கு. சொந்த வீட்டு வாசலில் போலீஸ் குண்டு பட்ட இளைஞர். வெளிச்சம் எவ்வளவு, அவர் அம்மா அமைதியா இருந்தாங்களா, அவர் எழுந்து நின்னாரா, மண்டியிட்டு இருந்தாரா? எல்லாத்திலும் ரெண்டு கதை. அப்பீல் கோர்ட் போலீஸ் கதையை எடுத்துக்கிச்சு. அது தப்புன்னு வழக்கைத் திருப்பி அனுப்பியது அதே உச்ச நீதிமன்றம். இந்தத் தடவை வீடியோ இல்லை!

ஹாரிஸ் ஓட்டின விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கலைங்க. ஜூரியும் அவரைத் தோற்கடிச்சிருக்கலாம். ஆனா ஒன்பது பேர் பார்த்து ரெண்டு விதமா சொன்ன படத்தை, 'யாருக்கும் சந்தேகமே வராது'ன்னு எப்படிச் சொல்ல முடியும்? கண்ணால் காண்பதும் பொய்னு நம்ம பெரியவங்க சொன்னதில் கேமரா கண்ணும் சேர்த்திதான்.