கத்தியை ஓங்கிய தந்தை: கீர்க்கேகார்டும் சார்த்தரும்

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பொட்டல்வெளியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், குளிரும் பசியும் தாங்காமல் மேடொன்றில் ஏறி நின்று கடவுளைச் சபித்தான். பின்னாளில் அவர் கோபன்ஹேகனில் துணி வணிகம் செய்து பெரும் செல்வம் சேர்த்தார். அந்தச் சாபம் மட்டும் முதுமையிலும் அவரை விடவில்லை. ஏழு பிள்ளைகளில் ஐவரைப் பறிகொடுத்தபோது, கடவுள் தன்மீது கணக்குத் தீர்க்கிறார் என்றே எண்ணினார். அவருடைய கடைசி மகன்தான் தத்துவவாதி சோரன் கீர்க்கேகார்ட்.

இன்னொரு சிறுவன் பிரான்சில் வளர்ந்தவன். தீக்குச்சியோடு விளையாடி ஒரு சிறு விரிப்பைக் கருக்கிவிட்டான். தடயத்தை மறைக்கும்போது கடவுள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பார்வை. கோபம் பொங்கி, தாத்தாவின் பாணியில் கடவுளை ஏசினான். அதற்குப் பிறகு கடவுள் அவனைப் பார்க்கவே இல்லை. தத்துவவாதி ழான் பால் சார்த்தர் 1964-இல் வெளியிட்ட தன் இளமைக்கால நினைவு நூலில் இப்படித்தான் எழுதுகிறார்.

முதல் சாபம் ஒரு குடும்பத்தையே இருளில் ஆழ்த்தியது. இரண்டாவது ஒரு சிறுவனை விடுவித்தது. கீர்க்கேகார்ட் 1855-இல் இறந்தார். சார்த்தர் 1905-இல் பிறந்தார். ஒருவர் தீவிரக் கிறிஸ்தவர், மற்றவர் நாத்திகர். ஆனாலும் பதற்றத்தைப் பற்றி எழுதும்போது இருவரும் ஒரே செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறார்கள். அச்சத்துக்குப் பொருள் உண்டு: புலி, நோய், கடன்காரர். பதற்றத்துக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. தன்னால் இயலும் என்பதை உணரும் கணத்தில் வரும் தலைசுற்றல் அது என்று கீர்க்கேகார்ட் 1844-இல் எழுதினார். ஏதேன் தோட்டத்து ஆதாமுக்கு நன்மை தீமை தெரியாது. ஆகவே விலக்கப்பட்ட கனி என்பதன் பொருளும் அவனுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அந்தத் தடைதான் 'என்னால் முடியும்' என்ற உணர்வை அவனுக்குள் கிளப்பிவிடுகிறது. சார்த்தர் 1943-இல் இதையே மலைப்பாதையில் வைத்துச் சொல்கிறார். கால் வழுக்கிவிடுமோ என்பது அச்சம். நானே குதித்துவிடுவதைத் தடுக்க எதுவுமில்லை என்பது பதற்றம். இந்த இடத்தில் கீர்க்கேகார்டின் பெயரைச் சொல்லித் தன் கடனை ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்.

சார்த்தர் தரும் சூதாடி எடுத்துக்காட்டு எனக்கு இன்னும் கூர்மையாகப் படுகிறது. இனி ஆடுவதில்லை என்று நேற்று உளமார முடிவெடுத்தவன், இன்று சூதாட்ட மேசைக்கு முன் நிற்கிறான். நேற்றைய உறுதி நினைவில் இருக்கிறது. ஆனால் அது அவன் கையைப் பிடித்து இழுக்காது. அதே முடிவை அவன் புதிதாக எடுத்தாக வேண்டும். குடியை விட முயன்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இதற்குப் பின் பாதை பிரிகிறது. கீர்க்கேகார்டுக்குப் பதற்றம் ஒரு பள்ளிக்கூடம். அதில் முறையாகப் பயின்றவன், எதையும் நிலையானதென்று நம்பி ஏமாறாமல், நம்பிக்கையின் வாசல்வரை வந்து சேர்கிறான். சார்த்தரிடம் அப்படியொரு வாசல் இல்லை. பதற்றத்தை ஏற்று வாழலாம். அல்லது உணவகப் பணியாளர் வேலை தவிர நான் வேறொன்றுமில்லை என்பதுபோல ஒரு வேடத்துக்குள் ஒளிந்து தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம்.

இருவரையும் நேருக்கு நேர் நிறுத்துவது விவிலியத்து ஆபிரகாமின் கதை. மகன் ஈசாக்கைப் பலியிடச் சொல்லி ஆணை வருகிறது, மூன்று நாள் பயணம், மோரியா மலை, கத்தி. இந்தக் கதையையே மையமாகக் கொண்ட 'பயமும் நடுக்கமும்' நூலைக் கீர்க்கேகார்ட் 1843 அக்டோபரில் புனைபெயரில் வெளியிட்டார். அதில் அவர் ஒப்பிட்டுக் காட்டும் கிரேக்க மன்னன் அகமெம்னானும் தன் மகளைப் பலி கொடுக்கிறான், ஆனால் படைகளுக்காக. நாடே அவனைப் புரிந்துகொண்டு அழுகிறது. ஆபிரகாமால் மனைவி சாராளிடமோ ஈசாக்கிடமோ வாய் திறக்க முடியாது, ஏனென்றால் அவர் செய்யப்போவதற்குப் பொதுவில் ஒரு நியாயமும் இல்லை. கொலைகாரனுக்கும் அவருக்கும் இடையில் நிற்பது நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கையும் மகனைத் துறந்துவிடுவதோடு நிற்பதில்லை. இதே வாழ்வில், அறிவுக்கு எட்டாத வழியில், அவன் திரும்பக் கிடைப்பான் என்கிறது. அந்த நூல் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கீர்க்கேகார்ட், ரெகினே ஓல்சனோடு செய்துகொண்ட நிச்சயத்தைத் தாமே முறித்திருந்தார். பக்கங்களில் அந்த வலி தெரிகிறது.

சார்த்தர் 1945 அக்டோபர் 29 அன்று பாரிசில் ஆற்றிய உரையில் இதே கதையைத் தொடுகிறார். ஆணையோடு வந்தது உண்மையிலேயே தேவதூதன்தானா? அழைக்கப்பட்டவன் நான்தானா? எந்தச் சான்றும் கிடையாது. ஒரு குரலைத் தேவதூதனின் குரல் என்று தீர்மானிப்பவன் நானே. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது ஒரு மாணவர் அவரிடம் வந்தார்: தனித்திருக்கும் தாயோடு இருப்பதா, இங்கிலாந்து போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா? பாதிரியாரிடம் யோசனை கேட்கலாமே என்றால், பாதிரியார்களிலும் எதிரியோடு ஒத்துழைப்பவர் உண்டு, எதிர்த்து நிற்பவர் உண்டு. யாரிடம் போகிறோம் என்பதிலேயே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

வந்தது தேவதூதன்தானா என்ற கேள்வியால் சார்த்தர் கீர்க்கேகார்டை வீழ்த்திவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். அது சரியல்ல. சான்று கிடைக்காது என்பதிலிருந்துதான் 'பயமும் நடுக்கமும்' புறப்படுகிறது; சான்று இருந்தால் நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. உண்மையான பிளவு ஆபிரகாமின் மௌனத்தில் இருக்கிறது. அங்கே தனிமனிதர் பொதுநீதிக்கு மேலே போய் நிற்கிறார். யாருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. சார்த்தரோ, நான் தேர்ந்தெடுக்கும்போது மனிதகுலம் முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறார். ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்று சொல்லிக் கோடிக்கணக்கானோரைக் கொன்ற போர் முடிந்த சில மாதங்களில் சொல்லப்பட்டது அது. அந்த வற்புறுத்தலுக்கு நான் தலைவணங்குகிறேன். கடவுள் சொன்னார் என்று கத்தி எடுப்பவனை வெளியிலிருந்து சோதிக்க கீர்க்கேகார்டிடம் ஓர் அளவுகோலும் இல்லை; அந்த நூலின் மிகப் பெரிய ஆபத்து இது. சார்த்தரிடமும் குறை உண்டு. என் தேர்வு எப்படி எல்லோருக்குமான தேர்வாகும் என்பதற்கு அவர் அந்த உரையில் போதிய காரணம் காட்டவில்லை.

சார்த்தரின் ஆபிரகாம் பகுதியில் ஈசாக்குக்கு இடமே இல்லை என்பது இன்னும் பெரிய வேறுபாடு. கீர்க்கேகார்டோ நூலின் முகப்பிலேயே அக்கதையை நான்கு விதமாகத் திருப்பிச் சொல்கிறார். ஒன்றில், மகன் கடவுளை வெறுத்துவிடக் கூடாதே என்று ஆபிரகாம் தன்னைக் கொடியவனாகக் காட்டிக்கொள்கிறார். கடைசிக் கதையில், தந்தையின் கை விரக்தியில் இறுகுவதை ஈசாக்கு பார்த்துவிடுகிறான். இருவரும் வீடு திரும்புகிறார்கள். ஆனால் ஈசாக்கின் நம்பிக்கை போய்விட்டது, அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. ஜட்லாந்து மேய்ப்பரின் மகனைத் தவிர வேறு யார் இதை எழுதியிருக்க முடியும்? சார்த்தருக்கு ஒன்றேகால் வயதிலேயே தந்தை இல்லை. அந்த இழப்பையே தன் விடுதலை என்று அவர் பின்னாளில் எழுதினார். பலிமேடையில் கிடக்கும் பிள்ளையின் கண்ணால் அவர் அந்த மலையைப் பார்க்கவில்லை.

தேர்ந்தெடுக்காத நம்பிக்கை நம்பிக்கையே அல்ல என்பதில் இருவருக்கும் வேறுபாடு இருந்திருக்காது. பிறந்தவுடனே எல்லோரையும் கிறிஸ்தவராக்கிவிடும் டென்மார்க் அரசுத் திருச்சபையைத் தன் கடைசி ஆண்டில் கடுமையாகத் தாக்கிய கீர்க்கேகார்ட், மரணப்படுக்கையில் பாதிரியார் கையால் நற்கருணை பெற மறுத்துவிட்டார். சார்த்தர் 1964-இல் பாரிசில் யுனெஸ்கோ நடத்திய கருத்தரங்கில் அவரைப் பற்றியே உரையாற்றினார்.

இவர்களைப் படிக்க விரும்புவோர் தடித்த தத்துவ நூல்களில் தொடங்க வேண்டாம். 'பயமும் நடுக்கமும்' நூலின் அந்த நான்கு சிறு கதைகளை முதலில் படியுங்கள்; உடனே சார்த்தரின் 1945 உரையைப் படியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் படித்துவிடலாம்.