வாட்ஸன் ஓட்டலின் தூண்கள்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. சென்ற வாரம் அங்கே, பூவேலை செய்த வார்ப்பிரும்புத் தூண் ஒன்று எடைக்கு வந்து கிடந்தது. ஏதோ பங்களாவை இடித்ததில் கிடைத்ததாம்.

"உடைச்சாத்தான் சார் காசு. முழுசா யார் வாங்குவாங்க?" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பம்பாயிலுள்ள வாட்ஸன் ஓட்டல் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கட்டடமே இப்படிப்பட்ட தூண்களால் ஆனது. ஜான் வாட்ஸன் என்ற ஜவுளி வியாபாரி 1860-களில் தம் வியாபாரத்துக்கென்று ஆரம்பித்து, கடைசியில் ஓட்டலாக்கிவிட்டார். திட்டம் வகுத்தவர் ரோலண்ட் மேஸன் ஆர்டிஷ்; பிற்பாடு லண்டனில் தேம்ஸ் நதிமேல் ஆல்பர்ட் பாலத்தை (1873) அமைத்தவர். இரும்புப் பாகங்களெல்லாம் இங்கிலாந்தில் தயாராகி, கப்பலேறி வந்து, இங்கே பூட்டப்பட்டன.

இதில் என்ன விசேஷம்? பழைய வீடுகளில் சுவர்தான் கூரையைச் சுமக்கும். சுவர் தடிக்கத் தடிக்க ஜன்னல் சிறுக்கும். இங்கேயோ பாரமெல்லாம் இரும்புச் சட்டத்தின்மேல். சுவர் வெறும் மறைப்பு. வார்ப்பிரும்பு எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும்; வளைத்தாலோ, சம்மட்டியால் அடித்தாலோ படீரென்று முறிந்துவிடும். ஆகவே நிற்கிற வேலைக்குத்தான் அது லாயக்கு. இன்று எங்கள் ஊரில் முளைக்கும் கடைக் கட்டடங்களிலும் முதலில் தூண், அப்புறம்தான் சுவர். எல்லாம் அந்த வம்சம்தான்.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அங்கே இடம். டாட்டாவை உள்ளே விடாததால்தான் அவர் தாஜ் ஓட்டலைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கேட்டால், சொல்கிறவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்! ஆனால் 1896 ஜூலை 7-ந் தேதி லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாக ஓடியது அங்கேதான். கட்டணம் ஒரு ரூபாய். காட்டிய துண்டுப் படங்களில் ஒன்று, சுவரை இடிக்கும் காட்சி.

பிற்காலத்தில் ஓட்டல் போய், அறைகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். பக்கத்திலேயே கோர்ட்டு இருந்ததால் வக்கீல்கள் நிறைந்தார்கள். 2005-ல் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிர் போயிற்று. 2019-ல் எல்லோரையும் வெளியேற்றினார்கள். இடித்துத் தள்ளலாம் என்று ஒரு சாரார். கூடவே கூடாது என்று மற்றொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஒன்றரை நூற்றாண்டு நின்ற இரும்பின்மேல், பிறகு வந்தவர்கள் ஏற்றிய தடுப்புகளின் குற்றத்தைச் சுமத்துவது என்ன நியாயம்?

மறுநாள் பணத்தோடு இரும்புக் கடைக்குப் போனேன். தூண் மூன்று துண்டாகித் தராசில் இருந்தது.