இழுவைக் கப்பலைத் தடமறிதல்

இழுவைக் கப்பல் (டக்) என்பது தன்னைவிடப் பெரிய கப்பல்களையும், இயந்திரமில்லாத மிதவைகளையும் இழுத்தோ தள்ளியோ நகர்த்தும் கலம் ஆகும். 1803இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் சைமிங்டனின் ‘சார்லட் டண்டாஸ்’ என்னும் நீராவிப் படகு, தலா 70 டன் கொண்ட இரண்டு படகுகளைக் கால்வாயில் இழுத்துச் சென்றது. இக்கலங்களின் வரலாற்றில் அது முக்கியமான தொடக்கம்.

கப்பல்களின் வருகையையும் புறப்பாட்டையும் லண்டனின் ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ இதழ் 1734 முதல் அச்சிட்டு வந்தது. வணிகர்கள் அறிய விரும்பியது சரக்கு வந்ததா என்பதையே. சரக்கு ஏற்றாமல் ஒரே துறைமுகத்தில் உழைக்கும் கலத்தைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? ஓவியர் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த படத்தின் தலைப்பில் ‘டெமரேர்’ போர்க்கப்பலின் பெயர் இருக்கிறது. அதை இழுக்கும் கலத்தின் பெயர் இல்லை.

கப்பல் கைமாறினால் பெயரும் கொடியும் மாறலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1987இல் 7 இலக்க எண் முறையை ஏற்றது. 300 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கு 1996 முதல் அது கட்டாயமானது. கப்பல் உடைக்கப்படும் வரை அந்த எண் மாறாது.

அடுத்து வந்தது ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாள அமைப்பு. 2004 இறுதிக்குள், பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னேஜுக்குக் குறையாத கப்பல்கள் இதைப் பொருத்த வேண்டியிருந்தது. ஓடும் கப்பலின் இடம், வேகம், திசை ஆகியவற்றை இக்கருவி சில வினாடிகளுக்கு ஒருமுறை வானொலி அலையில் அனுப்பும். இழுவைக் கப்பலுக்கான வகை எண் 52. எதையேனும் இழுக்கும்போது 31 என மாற்ற வேண்டும். இழுவையின் நீளம் 200 மீட்டரையோ அகலம் 25 மீட்டரையோ தாண்டினால் 32. பின்னால் நீண்ட வடம் வருகிறது என்று அருகில் செல்வோருக்கு இது எச்சரிக்கை. ஆனால் இந்த எண்ணையும் சேருமிடத்தையும் மாலுமிகளே கையால் பதிய வேண்டும். மறந்தால் பழைய தகவலே திரையில் நிற்கும்.

சிறிய துறைமுக இழுவைக் கப்பல்கள் பல இவ்விதிக்கு வெளியே உள்ளன. அமெரிக்கா 2016 முதல், 26 அடிக்குக் குறையாத நீளமும் 600 குதிரைத் திறனுக்கு மேலும் உள்ள வணிக இழுவைக் கலங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ தரைதட்டியது. நெதர்லாந்துக் கொடியுடன் ‘ஏ.எல்.பி. கார்டு’ 28ஆம் தேதி வந்து சேர்ந்தது. மறுநாள் கப்பல் மிதந்தது. அந்த இழுவைக் கப்பலின் இழுவிசை ஏறத்தாழ 285 டன். இழுவைக் கப்பலை மதிப்பிட இதுவே முதன்மை அளவு. நீளமும் அகலமும் அதற்குப் பிறகுதான். ஆயினும் ஏ.ஐ.எஸ். செய்தியில் நீளம், அகலம், நீரில் அமிழும் ஆழம் ஆகியவற்றுக்கே இடமுண்டு. இழுவிசையை அறிய, உரிமையாளர் வெளியிடும் விவரத் தாளையே நாட வேண்டும்.