இஸ்ஸே மியாகேயும் சாஷிக்கோத் தையலும்

அந்நிய தேசங்களில் சஞ்சரித்த பின்னரே சொந்த நாட்டுக் குடியானவரின் உடுப்பைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்ட ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே (1938–2022). ஹிரோஷிமாவில் பிறந்து, ஏழாம் பிராயத்தில் அந்நகரின்மீது அணுகுண்டு விழுந்த நாளைக் கண்ட இவர், டோக்கியோவில் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1965-இல் பாரிஸ் சென்று, கீ லரோஷ், ஜிவான்ஷி ஆகியோரின் உடையகங்களில் பணிபுரிந்தார். செல்வச் சீமாட்டிகளின் மேனிக்கு அளவெடுத்துத் தைக்கும் அவ்வித்தையில் இவர் தேர்ந்துவந்த சமயத்திலேதான் 1968-ஆம் ஆண்டு மே மாதத்து மாணவர், தொழிலாளர் கிளர்ச்சி அந்நகரில் மூண்டது. வீதியில் திரண்ட ஜனங்களைக் கண்டவருக்கு, சிலருக்கென்று தைப்பதைவிடப் பலருக்கென்று தைப்பதே தகும் என்ற எண்ணம் வேரூன்றிற்று. பின்பு நியூயார்க்கில் உடை வடிவமைப்பாளர் ஜெஃப்ரி பீனிடம் சிறிது காலம் இருந்துவிட்டு, 1970-இல் டோக்கியோ திரும்பித் தமது வடிவமைப்புக் கூடத்தை நிறுவினார்.

அங்கே இவர் கையிலெடுத்த பழந்தொழில்களுள் சாஷிக்கோ என்னும் தையல் முக்கியமானது. பருத்தி விளையாத குளிர்ப் பிரதேசமாகிய வடகிழக்கு ஜப்பானில், ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண்கள் கிடைத்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவுரி நீலத்தின்மீது வெண்ணூலால் நெருக்கமாகச் சிறுதையலிட்டு, கந்தலையே குளிர்தாங்கும் உடுப்பாக்கினர். வங்காளத்துக் கந்தா தையலைப் பார்த்தவர்களுக்கு இதன் தன்மை உடனே விளங்கும். தீயணைப்போரும் இவ்விதம் தைத்த கனத்த அங்கியை நீரில் தோய்த்து அணிந்தே நெருப்பினருகே சென்றனர். ஆகவே, இத்தையலின் கோலங்கள் எவ்வளவு மனோகரமாயினும், அவை அவசியத்தின் பின்னே வந்தவை. மியாகே அக்கோலத்தை மட்டும் பெயர்த்தெடுக்காமல், துணியின் கனத்தையும் உறுதியையும் சேர்த்தே நகரத்து மேலங்கிக்குக் கொண்டுவந்தார். இதில் துணி வடிவமைப்பாளர் மக்கிகோ மினகாவாவின் பங்கு சிறிதன்று. 1980-களில் அகமதாபாத்தின் வடிவமைப்பாளர் ஆஷா சாராபாயுடன் ஏற்பட்ட தொடர்பினால் இந்தியக் கைத்தொழிலும் இவருக்கு அணுக்கமாயிற்று.

1988 முதல் இவர் ஈடுபட்ட மடிப்புடைச் சோதனைகளைக் கைத்தொழில் அபிமானிகள் சிலர் ஒப்பமாட்டார்கள். பாலியெஸ்டரும் இயந்திரமும் அவற்றுக்கு ஆதாரமாதலால். வழக்கப்படி துணியை மடித்தபின் தைப்பதற்கு மாறாக, உடலளவைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு பெரிதாக முதலில் தைத்து, காகிதங்களுக்கிடையே வைத்து வெப்ப அழுத்தத்தால் கொசுவம்போல் மடிப்புகளை நிலைக்கச் செய்தார். 1991-இல் ஃபிராங்க்ஃபர்ட் நடனக் குழுவினர் இவற்றை உடுத்து ஆடினர். 1993-இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற பெயரில் தனி வரிசையாக வெளிவந்த இவ்வுடைகளுக்கு இஸ்திரி வேண்டுவதில்லை. துவைத்தால் சீக்கிரம் உலரும். சுருட்டிப் பெட்டியில் திணித்தாலும் கசங்காதாகையால், பிரயாணிகள் இவற்றைப் பெரிதும் விரும்பினர்.