நர்ஸ் படிப்பும் கோடை லீவும்

1851 கோடைக்காலம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு வயசு 31. அம்மாவும் அக்காவும் கார்ல்ஸ்பாடுக்கு உடம்பைத் தேத்திக்கக் கிளம்பினாங்க. இவங்க மட்டும் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போனாங்க. ஃப்ளீட்னர் பாதிரியார் 1836ல் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியில் மூணு மாசம் பயிற்சி. காலையில அஞ்சு மணிக்கே எழுந்திருக்கணும். வெளியே யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வீட்டில் கண்டிஷன் வேற. பணக்கார வீட்டுப் பொண்ணு, சம்பளம் பத்திக் கவலையில்லை. எல்லாருக்கும் அப்படி அமையுமா?

1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவங்க பேரில் பள்ளி ஆரம்பிச்சப்போ மாணவிகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, வருசத்துக்கு 10 பவுண்டு. பதிலுக்கு வார்டு வேலை. சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். வந்தவ மாணவியா, குறைஞ்ச கூலிக்குக் கிடைச்ச ஆளா? வார்டில் ஆள் பத்தலைன்னா முதல்ல அடிபடுறது வகுப்புதான்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சென்னை ஜி.எச்.சில் 1871ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1909ல் வேலூரில் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கினார். வார்டோடு நிக்காம வண்டி கட்டிக்கிட்டு சாலையோரமா மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர் அவர். (எனக்குப் பிடிச்சது இந்தப் பகுதிதான்.) 1926ல் மதராஸ் மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவு முறை ஏற்பட்டது. 1946ல் போர் கமிட்டி கணக்கு போட்டுப் பார்த்தா 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! அதே வருசம் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பமாச்சு. நர்ஸ் படிப்பு ஆஸ்பத்திரி வேலையோட ஒட்டுவாலா இல்லாம, பல்கலைக்கழகப் படிப்பா நிமிர்ந்தது அப்போதான்.

இத்தனையும் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் வடக்கனந்தல்ல இருக்கிற என் சித்தி பொண்ணு. பி.எஸ்சி. நர்சிங் ரெண்டாம் வருசம். லீவுக்கு ரெண்டு வேலை வந்திருக்கு. ஒண்ணு, டவுன்ல ஒரு நர்சிங் ஹோமில் நைட் டூட்டி, சம்பளம் உண்டு. இன்னொண்ணு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மருத்துவ முகாம். கர்ப்பிணிகளுக்கு பி.பி. பார்க்கணும், குழந்தைகளுக்கு எடை பார்க்கணும். பஸ் காசும் சாப்பாடும்தான். "எதுக்குண்ணா போறது?"ன்னு போன்ல கேட்டா. கம்ப்யூட்டர் தட்டுறவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது :-)

அந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்தது. அதுக்கப்புறம்தான் அரசு நேரடியா உள்ளே போச்சு. ரோடு, ஆஸ்பத்திரின்னு எல்லாமே கீழே இருக்கிற ஊர்களை விட ரொம்பத் தாமதம். கோமுகி அணைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பொண்ணு, அந்தப் பக்கத்தைத் தெரிஞ்சுக்கட்டுமேன்னு எனக்கு ஆசை. ஆனா ஜூன்ல ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும். ஆசையை ஓசியில சொல்லிட்டு நான் போயிடலாம்.

அதனால ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். படிப்பு முடிச்சு கவுன்சில்ல பதிவு பண்ற வரைக்கும் அவ மாணவிதான். அப்போ ராத்திரி வார்டில் கூட இருக்கப்போற, பதிவு பண்ணின சிஸ்டர் யாரு? கேட்டிருக்கா. "நீதாம்மா சிஸ்டர்"னு பதில் வந்துச்சாம்.

திங்கட்கிழமை மலைக்குப் போறா. ஃபீஸுக்கு சித்தி சீட்டு எடுத்திருக்காங்க. எங்கிட்ட இன்னும் சரியா பேசலை.