பொட்டியும் காதும்

போன பொங்கலுக்கு சேந்தமங்கலம் போனபோது மாமா என்னை மாடி அறைக்குக் கூட்டிப்போனார். ஓட்டைக் குடம், கால் உடைந்த நாற்காலி, பழைய பாய், இவற்றுக்கு நடுவே சாக்கு போர்த்திய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

"மாப்ள, நீ இஞ்சினியருதான, இதக் கொஞ்சம் பாரு. பாட்டு வருது. ஆனா சிம்பலு, சலங்கை ஒண்ணும் வரமாட்டேங்குது. மேல் சத்தம் செத்துப்போச்சு."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதை மாமாவுக்கு இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். மிக்ஸி ரிப்பேரானாலும் எனக்குத்தான் போன் வரும். ஆனால் இந்தப் பெட்டிகளை மறுக்க முடியவில்லை. நான் முதன்முதலில் பாட்டு கேட்டது இவற்றில்தான்.

மாமா 1983 முதல் 1998 வரை ஊரில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவீர்கள். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ அவற்றை ஒரு சிக்ஸ்டியிலோ நைன்ட்டியிலோ வரிசையாகப் பதிந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டுப் பெயர்களை எழுதித் தருவார். இன்றைய பிளேலிஸ்ட்தான். தயாராக மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான். மாமா கடையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நாமக்கல் பக்கம் முட்டை அட்டைக்கா பஞ்சம்? உண்மையில் அது வெளிச்சத்தத்தைத் தடுப்பதேயில்லை. உள்ளே எதிரொலிக்கும் மேல் சுருதியைக் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் ஸ்டுடியோ மாதிரி இருக்கும்.

பெட்டிகளைச் செய்தவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஆசாரி ஒருவர். ஒன்றேகால் அடி உயரம், முக்கால் அடி அகலம். பலகை பிளைவுட், உள்ளே மூலைக்கு மூலை லாரிக்கு அறுத்ததில் மிஞ்சிய கட்டை. ஆறரை அங்குலக் காகிதக் கூம்பு ஊஃபரும் மூன்று அங்குல ட்வீட்டரும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. நாற்பது வருடமாகியும் ஒரு மூட்டுகூட விடவில்லை. தட்டினால் 'டொக்' என்று ஒரே சொல்லில் நிற்கிறது. என் வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தால் தயிர் டப்பா சத்தம்தான் வரும்.

*

சின்னப் பெட்டியில் பெரிய சத்தம் என்பது தானாக நடந்த விஷயமில்லை. இன்று நாம் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவம், அதாவது காந்தத்துக்குள் கம்பிச்சுருள், அதன் முன்னால் ஒரு கூம்பு, 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வருகிறது. அதில் ஒரு சிக்கல். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடிச்சுருதி காணாமல் போகும். பிரிக்க வேண்டுமென்றால் பெட்டி வேண்டும். நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். முப்பது வருடம் நிலைமை இதுதான்.

1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இதைத் தலைகீழாக்கினார். கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பு விறைப்பாக இருப்பதுதான் தொல்லை. அதைத் தளர்வாக விட்டுவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினால்? உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும். துணியையும் ரப்பரையும்விட காற்று ஒழுங்கான ஸ்பிரிங். அவரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏ.ஆர்.-1, அலமாரியில் வைக்கிற அளவில் ஆழமான பேஸ் கொடுத்தது. சில ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது. இப்போது வீட்டுக்கு இரண்டு பெட்டி வேண்டும். இரண்டு பீரோவை எங்கே வைப்பது? சின்னப் பெட்டிக்குக் காலம் கனிந்தது.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. ஜோசஃப் அன்டன் ஹாஃப்மன் என்ற பொறியாளரின் பெயரால் ஒரு இரும்பு விதி சொல்வார்கள். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறைய சத்தம். மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது புதிதல்ல. 'சீக்கிரம், மலிவு, தரம், இரண்டைச் சொல்லுங்க' என்று கிளையன்டிடம் சொல்வது இதைத்தான்.

*

சின்னப் பெட்டிகளின் வரலாற்றில் ஒரு பெட்டிக்குக் கோயில் மரியாதை உண்டு. பிபிசியின் எல்.எஸ். 3/5ஏ. உயரம் ஓரடி, அகலம் அரையடிக்குக் கொஞ்சம் கூட. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

அது பிறந்ததே ஒரு பக்கவாட்டு வேலையில். புது ஸ்டுடியோ கட்டுவதற்கு முன்னால் அதன் சிறிய மாதிரியைக் கட்டி, அதற்குள் ஒலியைச் செலுத்திச் சோதிக்கும் ஆராய்ச்சி பிபிசியில் நடந்தது. அதற்காகச் செய்த சின்ன ஒலிபெருக்கி எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலித்தது. வெளியிடங்களில் ஒலிபரப்பும் வேன்களுக்குள் இடம் குறைவு. ஹெட்ஃபோனை நம்பியே வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர்களுக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டது. 1970களின் நடுவில் 3/5ஏ தயாரானது. டட்லி ஹார்வுட்டும் அவருடைய சகாக்கள் இருவரும் 1976-ல் அதன் வடிவமைப்பை ஆய்வறிக்கையாகவே வெளியிட்டார்கள்.

கெட்டிப் பலகைதான் நல்ல பெட்டி என்பது நம் பொதுப்புத்தி. பிபிசி அதற்கு நேர் எதிராகப் போனது. மெல்லிய பிர்ச் பிளைவுட், உள்பக்கம் தார் கலந்த பட்டை. கெட்டிப் பலகை அதிர்ந்தால் மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே அதிரும், லேசில் அடங்காது. மெல்லிய பலகையின் அதிர்வு கீழே இறங்கிவிடும், தார்ப்பட்டை அதை விழுங்கிவிடும். பலகைகளைப் பிணைக்கும் சட்டம் பீச் மரம். தயாரிப்பில் பீச்சுக்குப் பதிலாக பரானா பைன் கட்டையைப் போட்டபோது ஒலி கெட்டது. வெளியே தெரியாத ஒரு கட்டை அது. ஆனால் காதுக்குத் தெரிந்தது.

பேஸ் அந்தப் பெட்டியில் கிடையாது. 125 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஒரு மேடு வைத்து, இருப்பதுபோலக் காட்டினார்கள். சத்தமும் குறைவுதான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 83 டெசிபல். அவர்கள் காப்பாற்றியது ஒன்றை மட்டும். பேச்சுக் குரல். பிபிசி ஆய்வாளர்கள் ஸ்டுடியோவில் பேசுபவரின் நேர்க்குரலையும் ஒலிபெருக்கி வழியாக வரும் அதே குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் எடைபோட்டார்கள். ஏனென்றால் வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. மனுசன் எப்படிப் பேசுவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிபிசி பெட்டியைத் தானே தயாரித்து விற்கவில்லை. உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ் முதலான பல நிறுவனங்கள் தயாரித்தன. யார் செய்தாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெஃப் நிறுவனத்தின் ஊஃபரும் ட்வீட்டரும் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாக வரும் என்பதால், அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு உள்ளே இருந்த மின்சுற்றிலேயே இருந்தது.

*

இந்தப் பக்கம் நம் கதை வேறு. எங்கள் தாத்தா காலத்தில் ரேடியோ என்றால் வால்வு செட். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ். வைத்திருக்க உரிமம் வாங்கி தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. கோயில் திருவிழாவில் அஹுஜா கூம்பு ஒலிபெருக்கி. அதன் வேலை ஊருக்குக் கேட்பது, நுணுக்கம் அல்ல. வெளிநாட்டு ஹைஃபை மீது இறக்குமதி வரி ஏறி உட்கார்ந்திருந்தது. கல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன் போன்ற சில இந்தியப் பெயர்கள் இருந்தன. அவையும் சேந்தமங்கலத்துக்கு எட்டாத விலை.

ஆனால் கேட்கவேண்டிய இசை வந்துவிட்டது. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று அறியப்படுபவை 1978-ல் வெளிவந்த 'ப்ரியா' படத்தினுடையவை. இடது காதில் கிடார், வலது காதில் வயலின். ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரில் அது பாதிப் பாட்டு. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் கேட்டவர்கள் கதையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஆசாரியைத் தேடிப் போனார்கள்.

தமிழ்நாட்டு ஹைஃபை வரலாறு என்று ஒன்று எழுதினால், அதில் பாதியாவது இப்படிப்பட்ட பெயரில்லாத பெட்டிகளின் வரலாறாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவற்றுக்கு மாடல் எண் கிடையாது. ஆனால் உலகம் உள்ளே இருக்கிறது. மாமாவின் ஊஃபருக்குப் பின்னால் கறுப்பு ஃபெரைட் காந்தம். அதற்கு முந்தைய தலைமுறையில் அது அல்னிகோவாக இருந்திருக்கும். 1978-ல் ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் போர் மூண்டு, அல்னிகோவுக்கு வேண்டிய கோபால்ட்டின் விலை எகிறியது. உலகமே ஃபெரைட்டுக்கு மாறியது. ஆப்பிரிக்கச் சுரங்கத்துச் சண்டை சேந்தமங்கலம் மாடியில் காந்தமாக உட்கார்ந்திருக்கிறது.

*

பெட்டியைத் திறந்தேன். எட்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். பசை போட்டு மூடிய இன்றைய பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு இந்த எட்டு ஸ்க்ரூவின் அருமை தெரியும். ஃபோம் விளிம்பாக இருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும். இது மடித்த துணி, அப்படியே இருந்தது. ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கெப்பாசிட்டர், 4.7 மைக்ரோஃபாரட். அளந்தால் 3.1 காட்டியது. உள்ளே காய்ந்துவிட்டது. 4,200 ஹெர்ட்ஸில் வேலையைத் தொடங்க வேண்டிய ட்வீட்டர் 6,400-க்குத் தள்ளிப்போயிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே பெருமை. சேலத்திலிருந்து புதிய கெப்பாசிட்டர்கள் வாங்கிவந்து சூடுவைத்தேன். மைக் வைத்து லேப்டாப்பில் அளந்தேன். 12,000 ஹெர்ட்ஸ் வரை கோடு நன்றாகவே போனது.

மாமா பாட்டைப் போட்டுக் கேட்டார். "இல்ல மாப்ள. அப்படியேதான் இருக்கு."

எனக்குப் பெட்டியே மறுபிறவி எடுத்ததுபோல ஒலித்தது. சந்தேகம் வந்து, லேப்டாப்பிலிருந்து ஒரு விசில் சத்தத்தை மெல்ல மேலே ஏற்றினேன். கேட்கும்வரை எல்லோரும் கை தூக்கி வைத்திருக்க வேண்டும். நான், அத்தை, அக்கா மகள், மாமா. 4,500 பக்கம் மாமா கையை இறக்கினார்.

"நின்னுருச்சு."

"இல்ல தாத்தா, இன்னும் கத்துது" என்றாள் அக்கா மகள். அவள் கை இறங்கவேயில்லை.

அத்தை சிரித்துவிட்டார். "சோப்பு வாங்கியாங்கன்னா உப்பு வாங்கிட்டு வர்றாரு. நான் என்னமோ வேணும்னே பண்றாருன்னு நெனச்சேன்." ச, ஸ போன்ற ஒலிகளின் உயிர் நாலாயிரத்துக்கு மேலேதான் இருக்கிறது. வயதும், பதினைந்து வருட ஹெட்ஃபோனும் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "கடைசி ரெண்டு வருசம் பதிஞ்ச கேசட் எல்லாம் காதக் கிழிக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க. உங்க செட்டு சரியில்லன்னு நான் சண்ட போட்டேன். ரெண்டு மூணு பேரு அப்புறம் வரவேயில்ல." ஆசாரியிடமும் சண்டை. பலகை வாங்கிவிட்டது, சத்தத்தைத் தின்கிறது என்று. அதன்பின் பேச்சில்லை. ஆசாரி இப்போது இல்லை.

பிபிசிக்காரர்களின் அறிக்கை அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி புரிந்தது. மரம், தார்ப்பட்டை எல்லாம் சரி. ஆனால் அவர்கள் செய்த பெரிய காரியம், நல்ல ஒலி எது என்பதை எண்ணாகவும் எழுத்தாகவும் ஒரு தாளில் இறக்கி, ஒரு மனிதரின் காதிலிருந்து பிரித்து வைத்தது. காது தேயும். தேய்வது அதற்கே தெரியாது. மாமா வருடத்துக்குக் கொஞ்சமாக ட்ரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போயிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அவருக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பழைய ஸ்பீக்கர் மாதிரி இப்போது எதுவும் வருவதில்லை என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது, அவர்களுடைய பெட்டியோடு சேர்த்து இப்போது அவர்களுடைய வயதையும் யோசிக்கிறேன். என்னுடையதையும்தான்.

சாயங்காலம் மாமா 1997-ல் பதிந்த கேசட் ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். போட்டதும் அத்தை காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். சலங்கை ஊசியாகக் குத்தியது. நான் ட்ரெபிளைக் குறைக்கப் போனேன்.

"விடு மாப்ள" என்றார். "இதுல எனக்கு எல்லாம் கேக்குது."

அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிப்போவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் முடியும்வரை குறைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.