கதவைத் தட்டும் பிஷப், கடிதம் காட்டும் ஆயர்

இங்கிலாந்தில் புதிதாக நியமனமான பிஷப் தம் பேராலயத்துக்கு முதன்முறையாக வரும் நாளில் மேற்கு வாசல் கதவு சாத்தியே இருக்கும். பிஷப் வெளியே நின்று கையிலுள்ள செங்கோலால் மூன்று முறை தட்டுவார். உள்ளேயிருந்து திறந்துவிடுபவர் அந்தப் பேராலயத்தின் டீன். வெறும் சடங்குதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேராலயம் சட்டப்படியே டீனும் அவரைச் சேர்ந்த சாப்டர் என்ற குழுவும் நிர்வகிக்கும் இடம். பிஷப்பின் நாற்காலி அங்கே இருக்கிறது, சாவி அவரிடம் இல்லை.

தருமபுரி திருஇருதய ஆண்டவர் பேராலயத்தில் ஆயர் கதவைத் தட்டி அனுமதி கேட்கும் நிலை இல்லை. அவர் காட்ட வேண்டியது ஒரு கடிதம். புதிய ஆயர் போப்பாண்டவரின் நியமன மடலை ஆலோசகர் குழுவிடம் காட்ட வேண்டும். மறைமாவட்டச் செயலர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்த நிமிடம் முதல் மறைமாவட்டம் அவர் பொறுப்பு. புதிதாகப் பிறந்த மறைமாவட்டத்தில் ஆலோசகர் குழு ஏது? அதற்கும் திருச்சபைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பேராலயத்தில் கூடியிருக்கும் குருக்களுக்கும் மக்களுக்கும் மடல் வாசிக்கப்பட வேண்டும், அங்குள்ள குருக்களில் மூத்தவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1997-இல் சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது, சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயரானார். அவருக்குப் பொருந்திய விதி இதுதான்.

தட்டுவது ஒரு மரபு, காட்டுவது இன்னொரு மரபு. ஆயருக்கு மறுப்புச் சொல்லக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன. தருமபுரிப் பேராலயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது சென்னை கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம். ஆங்கிலிக்கன் பேராலயமாக வளர்ந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிடம் இருப்பது அது.

இரண்டுமே பேராலயமாகப் பிறந்தவை அல்ல. தருமபுரியில் இருந்தது பங்கு ஆலயம். மறைமாவட்டம் வந்ததும் ஆயரின் நாற்காலி அங்கே போடப்பட்டது. புனித ஜார்ஜ் 1815-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வழிபடக் கட்டிய கோயில். 1835-இல் மெட்ராஸுக்குத் தனி பிஷப்பாக டேனியல் கோரி வந்த பிறகுதான் அது பேராலயம் ஆனது.

மெட்ராஸுக்குப் பிஷப் வந்தார். ஆனால் இங்கிலாந்தில் கதவைத் திறக்கிற டீனும் அவருடைய சாப்டரும் இங்கே வேரூன்றவில்லை. இதன் பொருளை உணர லிங்கன் பேராலயத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே பாதுகாக்கப்படும் மாக்னா கார்ட்டா பிரதி 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பொருட்காட்சிக்குப் போனது. லாபம் வரும் என்று போனது நஷ்டத்தோடு திரும்பியது. அந்தக் கணக்கைக் கிளறப்போய், டீனுக்கும் சாப்டரின் மூத்த உறுப்பினர் ஒருவருக்கும் மூண்ட சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிஷப் தவித்தார். கேண்டர்பரி பேராயரே இருவரையும் பதவி விலகச் சொல்லியும் அவர்கள் அசையவில்லை. மன்னரின் பெயரால் நியமனம் பெற்ற டீனை பிஷப் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவருக்கு இருந்ததெல்லாம் விசாரித்து அறிவுரை சொல்லும் அதிகாரம்தான். இப்படிப்பட்ட விவகாரங்களுக்குப் பிறகு 1999-இல் ஒரு பேராலயச் சட்டம் வந்தது. பீட்டர்பரோ பேராலயம் 2016-இல் கையில் காசில்லாமல் திண்டாடிய பிறகு 2021-இல் இன்னொன்று வந்தது. இப்போது சாப்டரில் வெளியாட்கள் அதிகம். அரசின் அறக்கட்டளை ஆணையமும் மேலே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. பிஷப் இன்னமும் தம் பேராலயத்தில் பாதி விருந்தாளிதான்.

கம்பெனி காலத்து மெட்ராஸில் சாப்டருக்கு என்ன தேவை இருந்தது? சாப்ளின்மாருக்குச் சம்பளம் அரசாங்கக் கஜானாவிலிருந்து வந்தது, பிஷப்பை நியமித்தது இங்கிலாந்து அரசு. மேலே பிரிட்டிஷ் அரசு, கீழே அதன் ஊழியர்கள். 1930-இல்தான் இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துச் சபையின் பிடியிலிருந்து சட்டப்படி விடுபட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று இதே புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இணைந்து சி.எஸ்.ஐ. பிறந்தது.

இந்த இணைப்பில் தருமபுரிக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. தருமபுரிச் சீமையின் புராட்டஸ்டண்டு சபைகள் ஆங்கிலிக்கன் வழி வந்தவை அல்ல. 1827-இல் சேலத்தில் வேலை தொடங்கிய லண்டன் மிஷன் வழி வந்தவை. அவர்களுக்கு பிஷப்பே கிடையாது. சபை கூடும், பேசும், கை தூக்கும், முடிவெடுக்கும். அந்தச் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன; 1947-இல்தான் பிஷப்பை ஏற்றுக்கொண்டன. 1950-இல் கோயம்புத்தூர் திருமண்டலம் உருவாகி, பாளையங்கோட்டைக்காரரான இறையியல் அறிஞர் ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பிஷப்பானார். தருமபுரி சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்களுக்கு அன்று வாய்த்த பிஷப் கோயம்புத்தூரில். ஆக, சி.எஸ்.ஐ.யில் நாற்காலி ஆங்கிலிக்கன் தந்தது. கமிட்டி, பெரும்பாலும் இந்த லண்டன் மிஷன்காரர்களைப் போன்றவர்கள் தந்தது. டீனும் சாப்டரும் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்தக் கமிட்டிதான்.

கமிட்டியின் பலத்தைப் பார்க்க ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றின் வெஸ்ட்ரி அறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். காணிக்கைப் பைகளை மேசையில் கொட்டி, கமிட்டி ஆட்கள் நோட்டு தனியாகச் சில்லறை தனியாக அடுக்கி எண்ணுகிறார்கள். ஒருவர் தொகையைச் சொல்ல இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார், பிறகு கையெழுத்து. குருவானவர் அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அவர் பணத்தைத் தொட வேண்டிய அவசியமில்லை. தேர்தல் வரும் ஆண்டானால் அறிவிப்புப் பலகையில் வாக்காளர் பட்டியல் தொங்கும். திருவிருந்தில் பங்குபெறும், சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்தான் ஓட்டுப் போடலாம். தன் பெயர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மட்டும் எப்படி வந்தது என்று தகராறு கிளம்பும் இடமும் அந்தப் பலகைதான். கமிட்டிக்கு மேலே குருக்களும் சபை மக்களும் சேர்ந்த டயோசிசன் கவுன்சில், அதற்கும் மேலே சினாட், சினாடின் தலைவராக மாடரேட்டர். எல்லாம் தேர்தலால் ஏறும் படிகள்.

தருமபுரிப் பேராலயத்தில் படிகள் வேறு மாதிரி. பங்குத்தந்தையை நியமிப்பவர் ஆயர். பங்குப் பேரவை உண்டு, அன்பியம் என்ற சிறு குழுக்களின் பொறுப்பாளர்கள் உண்டு, பேச்சும் உண்டு. பேரவை சொல்வது ஆலோசனை. முடிவு பங்குத்தந்தையிடம், அவருக்கு மேல் ஆயரிடம். இதைக் கேட்டதும் கத்தோலிக்க நண்பர்களே ‘சாமியார் வைத்ததுதான் சட்டம்’ என்று சிரித்துவிடுவார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினால் அப்படிச் சிரிக்க முடியாது. பங்குப் பேரவை வைப்பது ஆயரின் விருப்பம், பங்கு நிதிக்குழுவோ கட்டாயம். பங்கு ஒன்றைப் புதிதாக உண்டாக்கவோ கலைக்கவோ ஆயர் குருக்கள் மன்றத்தைக் கேட்டே ஆக வேண்டும். குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சொத்தை விற்பதானால் நிதிக்குழு, ஆலோசகர் குழு இரண்டின் சம்மதமும் வேண்டும். இன்னும் பெரிய தொகை என்றால் ரோம் அனுமதிக்க வேண்டும். ‘கேட்க வேண்டும்’ என்பதற்கும் ‘சம்மதம் வேண்டும்’ என்பதற்கும் நடுவே அந்தச் சட்டம் கறாராகக் கோடு போட்டிருக்கிறது. சம்மதம் இல்லாமல் ஆயர் விற்றால் அந்த விற்பனை திருச்சபைச் சட்டப்படி செல்லாது.

ஆனால் அந்த ஆலோசகர் குழு யார்? ஆறு முதல் பன்னிரண்டு குருக்கள், ஐந்தாண்டுக் காலம், குருக்கள் மன்றத்திலிருந்து ஆயரே பொறுக்கி எடுப்பவர்கள். தமக்கு மறுப்புச் சொல்ல வேண்டியவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் வசதி லிங்கன் பிஷப்புக்கு இருந்திருந்தால் அந்தச் சண்டை அத்தனை ஆண்டு இழுத்திருக்காது. நல்லதாக முடிந்திருக்குமா என்பது வேறு.

குருக்களின் வாழ்க்கையில் இந்த வேறுபாடு நேராகவே தெரியும். தருமபுரிக் குரு மறைமாவட்டத்துக்கென்றே திருநிலை பெற்றவர், மணமாகாதவர், ஆயருக்குக் கீழ்ப்படிவேன் என்று அவர் கைகளுக்குள் தம் கைகளை வைத்து வாக்குக் கொடுத்தவர். மாற்றல் கடிதம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பங்குக்குப் போவார். அது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கோடியில் இருக்கலாம், இரண்டு மாவட்டமும் ஒரே மறைமாவட்டம்தானே. சி.எஸ்.ஐ. குருவானவருக்கு மனைவி, பிள்ளைகள், பள்ளிக்கூடம், மாமியார் வீடு எல்லாம் உண்டு. அவர் மாற்றல் பட்டியல் ஒரு குடும்பத்தையே இடம்பெயர்க்கிறது. அதனால் அங்கே மாற்றல் காலம் சிபாரிசுக் காலமும்கூட. பெண்களைப் பிஷப்பாக்கிய விஷயத்தில் சி.எஸ்.ஐ. தாய் வீட்டை முந்திக்கொண்டது. 2013-இல் நந்தியாலில் இ. புஷ்பலலிதா பிஷப்பானார், இங்கிலாந்துச் சபை முதல் பெண் பிஷப்பை அபிஷேகம் செய்தது 2015-இல்.

பங்குத்தந்தையை அவர் விருப்பத்துக்கு மாறாக நீக்க வேண்டுமானால் கத்தோலிக்க ஆயர், குருக்கள் மன்றம் குறித்துக் கொடுத்த பங்குத்தந்தையர் வரிசையிலிருந்து இருவரை அழைத்துப் பேசிய பிறகே நடவடிக்கை எடுக்கலாம். நீக்கப்பட்டவர் ரோமுக்கு முறையிடலாம். முறையீடுகள் கடிதமாகப் போகும், கடிதமாக வரும், ஊருக்குத் தெரியாது. சி.எஸ்.ஐ.யில் ஊருக்குத் தெரியாத சண்டை அபூர்வம். தேர்தல் இருக்கும் இடத்தில் தேர்தல் வழக்கும் இருக்கும். பிஷப்புகளின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தத்தையும் மாடரேட்டர் தேர்தலையும் சுற்றி எழுந்த வழக்குகளில், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை சினாட் நிர்வாகத்துக்கு நியமித்து உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கத்தோலிக்க ஆயருக்கு வயது 75 ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை மாற்றிக்கொள்ள அவருக்கு ஓட்டும் இல்லை, வக்கீலும் இல்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், கணக்கு விஷயத்தில் நான் கமிட்டியின் பக்கம். காணிக்கை போட்டவர் முன்னால் எண்ணி, ஆண்டுக்கூட்டத்தில் அச்சிட்டுக் கொடுத்து, கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லும் பழக்கம் லேசானதல்ல. கத்தோலிக்கச் சட்டத்திலும் மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. சில பங்குகளில் பூசை முடிவில் கணக்கு வாசிக்கிறார்கள், சில பங்குகளில் அந்த விதி புத்தகத்தோடு சரி. குருவின் மானம் மரியாதை விஷயத்தில் எனக்கு அந்தத் தீர்ப்பு இல்லை. அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று பார்த்துப் பிரசங்கம் பண்ண வேண்டிய நிலைமை, ஆயர் முகம் பார்த்துப் பிரசங்கம் பண்ணுவதைவிடச் சுதந்திரமானது என்று நான் நம்பவில்லை.

சொத்தில் இரண்டு மரபும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: நிலப் பத்திரம் உள்ளூர்க்காரன் கையில் இருக்கக்கூடாது. சி.எஸ்.ஐ. சொத்துக்கள் 1947-இல் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. தமிழ்நாட்டு மறைமாவட்டங்கள் பலவும் சொசைட்டியாகப் பதிவு செய்துகொண்டவை.

நாற்காலி காலியாகும்போதுதான் வேடிக்கை. சி.எஸ்.ஐ.யில் புதிய பிஷப்புக்கு டயோசிசன் கவுன்சில் ஓட்டுப் போட்டுப் பெயர்ப் பட்டியல் அனுப்பும், சினாட் தரப்பு அதிலிருந்து ஒருவரை எடுக்கும். கத்தோலிக்கத்தில் மூன்று பெயர்கள் ரகசியமாக டெல்லியிலுள்ள போப்பாண்டவரின் தூதரகம் வழியாக ரோமுக்குப் போகும். இதுவரை எதிர்பார்த்தபடிதான். இடைப்பட்ட காலத்திலோ நிலைமை தலைகீழ். எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போடும் சி.எஸ்.ஐ.யில் காலியான திருமண்டலம் மாடரேட்டர் கைக்குப் போகிறது; அவர் தம் பிரதிநிதியான கமிசரியை அனுப்பி நடத்துகிறார், உள்ளூரில் யாரும் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டே இல்லாத கத்தோலிக்கத்தில், ரோம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ஆலோசகர் குழுக் குருக்கள் எட்டு நாளுக்குள் கூடி மறைமாவட்ட நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தருமபுரியில் ஆயர் இருதயராஜ் 2012-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆயர் லாரன்ஸ் பயஸ் நியமனமானது 2014-இல். இப்படிப்பட்ட இடைவெளிக்கென்று எழுதிய விதி அது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் புதிதாக எதையும் மாற்றக்கூடாது, இருப்பதைக் காப்பாற்றி ஒப்படைக்க வேண்டும். எட்டு நாளுக்குள் குருக்கள் முடிவுக்கு வராவிட்டால் அந்த ஓட்டும் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். ஆளை நியமிப்பது புதுச்சேரி–கடலூர் பேராயர்.